தூக்கிய பையைக் கீழே வைக்கக் கூடாது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. இடம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பட்டணத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தால் வரும் எங்கள் தோட்டம். வருகிறவர்கள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்ட பிறகுதான் எங்கள் கோயில் கூரை கண்ணில் படும்.

நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை, வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்து வளர்ந்தது பத்து பகாட் என்ற ஊரில், கடைத்தெருவுக்குப் பின்னால், ஓயாமல் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில். கல்யாணமான புதிதில் இங்கேயும் வீடு நிறைய ஆள்தான். மாமனார், மாமியார் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். கொழுந்தன் ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வருவார், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். ஓவர்டைம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. எங்கள் லயத்தில், ஒட்டியொட்டிக் கட்டிய அந்த வீட்டு வரிசையில், ஒரு பக்கத்து வீட்டில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். நல்ல பிள்ளைகள், என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். இன்னொரு பக்கத்து வீட்டில் வௌவால்கள்.

மகள் பாலர் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டால் அப்புறம் மத்தியானம் வரைக்கும் நானும் ரேடியோவும்தான். அறிவிப்பாளர் "நேயர்களே, நலமா?" என்று கேட்டால், "நல்லா இருக்கேங்க, நீங்க எப்படி?" என்று வாய்விட்டுப் பதில் சொல்லும் நிலைமைக்கு வந்திருந்தேன். சிரிக்காதீர்கள். அப்படி ஒரு வீடு வாய்த்தால்தான் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் ஓர் இளைஞர் மன்றம் உண்டு. பிள்ளைகள் பாதிப் பேர் செனாய் தொழிற்சாலைகளிலும் மீதிப் பேர் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தாலும், விடுமுறைக்கு வந்துவிட்டால் மன்றத்துக்கு உயிர் வந்துவிடும். அந்த மன்றத்தின் பெரிய விசேஷம் பரிமாற்றப் பயணம். எங்கேயோ தூரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் இங்கே வந்து தங்குவார்கள். அடுத்த விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் அங்கே போய்த் தங்குவார்கள். ஹோட்டல், கூடாரம் எல்லாம் கிடையாது. ஆளுக்கொரு வீடு.

வீடு பிரித்துவிடுவதில் எங்கள் ஆட்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பைகளையெல்லாம் மண்டபத்தின் நடுவில் குவித்து வைத்துவிடுவார்கள். தலைவர் ஒரு வீட்டையும் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் கூப்பிடுவார். விருந்தாளி தன் பையைக் கையால் காட்டுவார். வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், விருந்தாளி பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான். தூக்கிய நிமிஷத்திலிருந்து அந்த ஆள் உங்கள் பொறுப்பு. கிளம்பும் நாளில் நீங்களே அதைச் சுமந்துகொண்டு போய் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். இதில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. தூக்கிய பையை வீடு போய்ச் சேரும் வரை தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த உறவு ஒட்டாதாம். கை கடுத்தால் தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை.

எனக்கு இதில் ஒரு நாளும் பங்கு கிடைத்ததில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். பையன்களை, பெண் மட்டும் இருக்கும் வீட்டில் தங்க வைக்க மாட்டார்கள். நியாயம்தான். பெண் பிள்ளைகளை, ஆம்பளை இல்லாத வீட்டில் தங்க வைக்க மாட்டார்கள். பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயமும் சேர்ந்து என் வீட்டுக்கு ஒருத்தரும் வராதபடி ஆக்கிவிட்டன. பரிமாற்றம் வந்தால் மண்டபத்துச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டே உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன். அழுதால்கூட வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு வசதி.

ஆனாலும் அந்தத் தடவை ஒரு நப்பாசை. முன் அறையைச் சுத்தம் செய்து கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். பாசாருக்குப் போனபோது ஒரு புதுத் துவாலையும் பிரிக்காத சோப்பும் வாங்கி வந்து, மடித்துக் கட்டில்மேல் வைத்தேன். மகள் "யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டாள். "யாராவது வருவாங்க" என்றேன். எனக்கே என்மேல் கோபமாக வந்தது. வராத ஆளுக்கு யாராவது சோப்பு வாங்குவார்களா?

வந்தவர்கள் வடக்கே கெடா மாநிலத்தில், வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள். காலையில் கிளம்பிய பஸ், பொழுது சாயும் நேரத்தில்தான் எங்கள் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. வரவேற்பு, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து வீடு பிரிக்கும் சடங்கு ஆரம்பமானது. நான் பின்பக்கம் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பையாகக் கிளம்பியது. சிரிப்பும் கூச்சலுமாக மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது.

கடைசியில் ஒரு பை மட்டும் நடு மண்டபத்தில் கிடந்தது.

பழைய காக்கி நிறப் பை. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளோடு சேர்க்கவும் முடியாது, பெரியவர்களோடு சேர்க்கவும் முடியாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவரை அக்கா என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன். பெண் பிள்ளைகளை இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்றால் துணைக்கு ஒரு பொம்பளை ஆள் வர வேண்டும் என்று அவர்கள் ஊர்ப் பெற்றோர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வந்தவர். அவர்கள் மன்றம், "துணைக்கு வருகிறவரை அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிட்டது. எங்கள் மன்றம், "துணைக்கு வருகிறவர் பிள்ளைகளோடு தங்குவார்" என்று விட்டுவிட்டது. பிள்ளைகளோ ஆளுக்கொரு வீடாகப் போய்விட்டார்கள். எல்லோரையும் எண்ணியவர்கள் இவரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சுவர் அலமாரியில் இருந்த விளையாட்டுக் கோப்பைகளை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பதுபோல் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். யாரும் நம்மைக் கவனிக்காதபோது, நாமும் கவனிக்கப்படாததைக் கவனிக்கவில்லை என்று காட்டிக்கொள்வோமே, அதுதான். கல்யாண வீடுகளில் நான் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறேன்.

என்ன தோன்றியதோ, தேத்தண்ணிக் கூஜாவை வைத்துவிட்டு நேராகப் போய் அந்தப் பையைத் தூக்கிவிட்டேன்.

அம்மாடி, என்ன கனம்! உள்ளே அம்மிக்கல்லா வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் தலைவர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், தோட்டத்தில் எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுகிறவர். ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"தங்கச்சி, அத கீழ வைம்மா. அவங்கள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தூக்கிட்டேனே அண்ணே. தூக்குனத கீழ வைக்கக் கூடாதுல்ல?"

"அது சரிம்மா. உங்க வீட்ல ஆம்பள ஆள் இல்லியே. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நாந்தானே பதில் சொல்லணும்?"

அவர் வீட்டில் ஏற்கெனவே, வீடு கிடைக்காமல் மிஞ்சிய நான்கு பிள்ளைகள் தங்கப் போயிருந்தார்கள். கூடத்தில் பாய் விரிக்கத்தான் இடம் இருக்கும். அதைச் சொன்னேன். அவரும் விடவில்லை. நானும் விடவில்லை. பேசப் பேசப் பையின் கனம் ஏறிக்கொண்டே போனது. வலது தோளுக்கு மாற்றினேன், இடது தோளுக்கு மாற்றினேன், கடைசியில் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வியர்த்துக் கொட்டுகிறது. அப்போதுதான் எனக்கே புரிந்தது, இது ஏதோ உதவி செய்வதற்காகத் தூக்கிய பை இல்லை என்று. எனக்கு அந்த ஆள் வேண்டும். என் வீட்டுக்குள் இன்னொரு மனுஷி நடமாட வேண்டும். இதைக் கீழே வைத்தால் இனி எனக்கு ஒருத்தரும் கிடையாது என்று ஏனோ மனசுக்குள் அடித்துக்கொண்டது.

அதுவரை வாயைத் திறக்காத அந்த அக்கா, தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஆம்பள ஆள் எங்க வீட்லயும் இல்லீங்க. நான் இருந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னார். தலைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் நான் அணைத்திருந்த பையைப் பார்த்தார். "அலமாக்! சரி லா, போங்க. கதவ நல்லா பூட்டிக்குங்க" என்றார். நான் நடந்தேன். மகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே நடந்தேன். அந்தச் சத்தம் போதுமாக இருந்தது.

வீட்டில் பையைத் திறந்தபோதுதான் கனத்தின் காரணம் தெரிந்தது. அவர்கள் பக்கத்து வயலில் விளைந்த அரிசி. தங்கப் போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, எந்த வீடு என்றே தெரியாமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். நான் யாரென்று தெரியாத ஆளுக்கு சோப்பு வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே ஜாதிப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பகலில் அக்கா பிள்ளைகளோடு போய்விடுவார். கோயில் வளாகம் சுத்தம் செய்தார்கள், பந்து விளையாடினார்கள், மலையடிவாரத்து அருவிக்குப் போனார்கள். சாயங்காலம் ஆனால் என் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைப்பார். நான் வாசலுக்குப் போய் அந்தச் செருப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை பார்த்துக்கொண்டவர். அவர்கள் போன பிறகு கல்யாணப் பேச்சை யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சொந்தக்காரர்கள் காலத்தைக் கடத்திவிட்டார்கள். பட்டணத்தில் ஒரு தையல் கடையில் வேலை. என்னிடம் இதையெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே, யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வதுபோல் சொன்னார். நான் "கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பகல்ல ஒண்ணும் இல்ல. வேல இருக்கு. ஆனா சமைச்சு முடிச்சிட்டு, நல்லா வந்திருக்கான்னு கேக்கத் திரும்புவேன் பாரு, அப்பதான்."

சொல்லிவிட்டு அடுத்த கீரைத் தண்டைக் கிள்ளினார். எனக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே சண்டை அடுப்படியில்தான். விருந்தாளியாக வந்தவரை வேலை செய்ய விட முடியுமா? அவர் கேட்க மாட்டார். ஒரு காலையில் நான் கண் விழித்தபோது அடுப்படியில் குழாய்ச் சத்தம் கேட்டது. அப்புறம் பாத்திரத்தை வைக்கும் சத்தம், தீப்பெட்டி உரசும் சத்தம். மாமியார் போன பிறகு, எனக்கு முன்னால் எழுந்து அந்த அடுப்படியில் யாரும் சத்தம் போட்டதில்லை. எழுந்து போய்த் தடுத்திருக்க வேண்டும். போகவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா எட்டிப் பார்த்து, "எந்திரிம்மா, பசியாற வேணாமா?" என்றார். என் முகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். அந்த நாசூக்குக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கிளம்பும் நாளில் பையை நான்தான் தூக்கினேன். அரிசி இறங்கிவிட்டதால் லேசாக இருந்தது. குளுவாங் காப்பித்தூள், மாங்காய் ஊறுகாய் என்று எதை எதையோ திணித்தும் கனம் பத்தவில்லை எனக்கு. மகள் தன்னிடம் இருந்த முயல் ஸ்டிக்கர்களில் ஒன்றை அந்தப் பையின் மூலையில் ஒட்டிவிட்டாள். மண்டபம் வரைக்கும் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டு கடைசில உங்க ஆளுங்க எங்க ஊருக்கு வர்றாங்கல்ல, நீயும் வா. பாப்பாவையும் கூட்டிட்டு வா. ஒன் பைய நான்தான் தூக்குவேன், யாருக்கும் விட மாட்டேன்."

பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். சோப்பு பாதி கரைந்து சோப்புப் பெட்டியில் இருந்தது. ஒரு வாரம் அதை நான் தொடவே இல்லை.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று அந்த வருடம் பார்த்ததுபோல் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. நான் மன்றத்தில் உறுப்பினர் இல்லை. தலைவரிடம் போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஒங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா? பொம்பளப் பிள்ளைங்களுக்குத் துணைக்குன்னு வாங்க" என்றார். ஆக, நானும் துணைக்கு வருகிறவள் ஆனேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "என்ன விட்டுட்டு ரெண்டு பேரும் ஜாலியா?" என்று கிண்டல் செய்தார். வருகிற விடுமுறையில் ஒருநாள் முன்னதாகவே லீவு போட்டு வந்து எங்களைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. என்னைக் கொண்டுபோய் வழியனுப்ப ஓர் ஆள்.

நீல நிறத்தில் ஒரு புதுப் பை வாங்கினேன். வாரக்கணக்கில் அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். மகள் மறக்காமல் முயல் ஸ்டிக்கர் ஒட்டினாள்.

புறப்படும் நாள் விடிந்ததிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாளே வருகிறேன் என்றவருக்கு வேலை இழுத்துவிட்டது. விடியற்காலையில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி நேராக மண்டபத்துக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நாங்கள் மண்டபத்தில் காத்திருந்தோம். பைகளையெல்லாம் பஸ்ஸின் அடிவயிற்றில் ஏற்றி முடித்தார்கள். மகள் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிட்டாள். நான் மட்டும் கீழே நின்று தோட்டத்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. அவர் எண்தான். பேசியது அவர் இல்லை.

செனாய் தாண்டும்போது மழையில் மோட்டார் சறுக்கியிருக்கிறது. பின்னால் வந்த ஒரு மலாய்க்காரத் தம்பி நிறுத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். "காக்கி பாத்தா" என்றார். கால் முறிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், "அவருக்கு நினைவு இருக்கு அக்கா, உங்களப் பஸ்ல ஏறிப் போகச் சொல்றாரு" என்று மலாயில் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வெடித்தது.

எங்களை வழியனுப்பத் தலைவர் வந்திருந்தார். மகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கித் தன் காரில் உட்கார வைத்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டார். எங்களுக்குப் பின்னால் பஸ் வடக்கே கிளம்பியது. பையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை.

காலில் கம்பி வைக்க வேண்டும் என்று அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். தலைவருக்கு வேலை இருந்தது, சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கொழுந்தன் ஷிப்ட் முடிந்துதான் வர முடியும். நானும் மகளும் அந்த நீண்ட நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றி எவ்வளவு கூட்டம்! ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு பேர், ஐந்து பேர். என் லயத்து வீட்டில்கூட அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. யாருக்காவது போன் போட வேண்டும் என்று கையில் எடுப்பேன். எண்களை மேலும் கீழுமாகத் தள்ளுவேன். யாருக்கு என்று தெரியாமல் வைத்துவிடுவேன். மகள் மடியில் மைலோ பானத்தைக் கொட்டிக்கொண்டாள். மாற்றுத் துணி எடுக்கக் கை தானாகப் பக்கத்தில் துழாவியது. அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. எங்கள் இரண்டு பேருடைய துணி அத்தனையும் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஈரத் துணியோடு அவள் என் தோளில் தூங்கிப்போனாள்.

வெளியே வெயில் இறங்கும் நேரத்தில் போன் அதிர்ந்தது. ஒரு படம் வந்திருந்தது.

சின்ன அறை. ஒரு கட்டில். பூப்போட்ட விரிப்பு. அதன்மேல் என்னுடைய நீலப் பை. பக்கத்தில் மடித்து வைத்த ஒரு புதுத் துவாலை, அதன்மேல் பிரிக்காத சோப்பு.

படத்துக்குக் கீழே அக்காவின் குரல் பதிவு. காதோடு வைத்துக் கேட்டேன்.

"பஸ்ல வந்த பிள்ளைங்க எல்லாத்தையும் சொல்லிச்சுங்கம்மா. தைரியமா இரு. அவங்கவங்க ஆளோட பைய அவங்கவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசில நடுவுல இது ஒண்ணுதான் கெடந்துச்சு. பாப்பாவோட முயலப் பாத்தேன், தூக்கிட்டேன். பின்னால யாரும் வரல. இருந்தாலும் கீழ வைக்காமக் கொண்டாந்துட்டேன்." மூச்சு வாங்குவது கேட்டது. "நீ சாப்ட்டியாம்மா?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. தலைவர் வாங்கிக் கொடுத்த பொட்டலம் பிரிக்காமலே பக்கத்தில் இருந்தது. "சாப்பிடப் போறேன்க்கா" என்று அனுப்பிவிட்டு, உண்மையாகவே பிரித்துச் சாப்பிட்டேன். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வீட்டுக்காரர் வீட்டோடுதான் இருந்தார். காலில் கட்டோடு முன் அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் ரேடியோவோடு பேசுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். "இப்பதான் ஒங்க வீட்ல ஆம்பள ஆள் இருக்காரே, அடுத்த தடவ விருந்தாளி நிச்சயம்" என்று தலைவர் வந்து கேலி செய்வார். ஆனால் அந்த அடுத்த தடவை வரவே இல்லை. செனாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள் அங்கங்கே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். மன்றத்துக் கதவு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் திறக்கிறது. வீட்டுக்காரர் கால் தேறி, கொஞ்சம் தாங்கி நடந்துகொண்டே மறுபடியும் பாலம் தாண்டிப் போய்விட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பகலில் திரும்பவும் நானும் ரேடியோவும்தான்.

பை இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. முதலில், "அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "இருக்கட்டும்க்கா, வந்து எடுத்துக்கிறேன்" என்றேன். அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவ்வப்போது துணிகளை வெயிலில் காயப்போட்டு மறுபடி மடித்து வைப்பாராம். போன மாதம் பேசும்போது, "பாப்பாவோட கவுனெல்லாம் இந்நேரம் அவளுக்குச் சின்னதாப் போயிருக்கும், நான் வேற தச்சு உள்ள வச்சிருக்கேன்" என்றார். அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நான் அனுப்பும் படங்களைப் பார்த்துத் தோராயமாக வெட்டினாராம்.

போக வேண்டும். மகளின் பள்ளி, இவருடைய லீவு, தூரம் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து நிற்கிறது. ஆனால் சமைத்து முடித்து, நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்கத் திரும்பி, அங்கே யாரும் இல்லாமல் நிற்கும் அந்த நேரத்தில் இப்போதெல்லாம் நான் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன்: என் பையை ஒருத்தர் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார், நான் கொஞ்சம் பின்தங்கி நடந்து வந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.